டாக்டராக நினைக்கும் பிள்ளை அமெரிக்கக் கல்லூரியில் எந்த மேஜர் எடுக்கலாம்?

அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகளில் ப்ரீ-மெட் என்று ஒரு மேஜரே (பட்டத்துக்கான முதன்மைப் பாடம்) கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஹைஸ்கூல் கடைசி வருடத்தில் பிள்ளை வைத்திருக்கும் நம் ஆட்களிடம் பேசினால் "பொண்ணு ப்ரீ-மெட் மேஜர் பண்ணப் போறா" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். ப்ரீ-மெட் என்றால் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தோடு குறிப்பிட்ட சில பாடங்களையும் எடுத்துக்கொண்டு போவது, அவ்வளவுதான். அதற்கென்று கல்லூரியில் ஒரு அட்வைசர் இருப்பார், பாடப் பட்டியல் ஒன்று கொடுப்பார். பட்டத்தை பயாலஜியிலும் வாங்கலாம், வரலாற்றிலும் வாங்கலாம், கணிதத்திலும் இசையிலும்கூட வாங்கலாம். இந்த மேஜர்தான் வேண்டும் என்று மருத்துவக் கல்லூரிகள் கேட்பதில்லை.

நம் வீடுகளில் இதைச் சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. நாம் படித்த காலத்துத் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பாதி வாழ்க்கை முடிவாகிவிடும். ப்ளஸ் ஒன்னில் பயாலஜி இருக்கும் குரூப்பில் சேர்ந்தால் டாக்டர் கனவு உயிரோடு இருக்கும், சேராவிட்டால் அங்கேயே முடிந்தது. அப்புறம் கட்-ஆஃப் மார்க். அரை மார்க்கில் சீட் போன கதை ஊருக்கு ஊர் உண்டு. பதினேழு, பதினெட்டு வயதில் நேரே எம்பிபிஎஸ், ஹவுஸ் சர்ஜன் வருடத்தையும் சேர்த்து ஐந்தரை வருடத்தில் டாக்டர். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இங்கே பிள்ளையின் மேஜரைப் பார்த்தால், பயாலஜி தவிர எதை எடுத்தாலும் பிள்ளை தடம் மாறிப் போவதாகத்தான் தோன்றும். இங்கே ஏற்பாடே வேறு. நான்கு வருடம் இளநிலைப் பட்டம், அதற்கு மேல் நான்கு வருடம் எம்டி அல்லது டிஓ என்ற மருத்துவப் பட்டம், அதற்கும் மேல் எடுக்கும் துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு வருடம் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. முதல் நான்கு வருடத்தில் பிள்ளையை யாரும் டாக்டராக்கப் போவதில்லை. டாக்டருக்குப் படிக்கத் தகுதியானவரா என்று பார்க்கக் கிடைக்கும் சான்றுகள் சேர்கிற காலம் அது.

சரி, மருத்துவக் கல்லூரி என்னதான் கேட்கிறது? இடத்துக்கு இடம் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, பொதுவான பட்டியல் இதுதான்: பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் ஆகிய நான்கும் லேபோடு ஒவ்வொரு வருடம், பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர், ஆங்கில எழுத்து வகுப்பு, கணிதம் அல்லது புள்ளியியல். சைக்காலஜியும் சோஷியாலஜியும் பல இடங்களில் கட்டாயமில்லை, ஆனால் 2015ல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வை மாற்றியபோது அவற்றுக்கென்று ஒரு பகுதியையே சேர்த்துவிட்டதால் எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். கிரெடிட் (ஒவ்வொரு வகுப்புக்கும் உள்ள பாட அளவு) கணக்குப் போட்டுப் பாருங்கள். லேபோடு சேர்ந்த ஒரு அறிவியல் வகுப்பு வழக்கமாக 4 கிரெடிட், அப்படி எட்டு வகுப்புக்கு 32. மற்றவற்றையும் சேர்த்தால் 50க்கு அருகில் வரும். பட்டத்துக்கு வேண்டியது ஏறத்தாழ 120. வரலாறு, தத்துவம் மாதிரி மேஜர்களுக்கு 30 முதல் 40 கிரெடிட் வரை போதும் என்பதால் அவை இந்தப் பட்டியலோடு தாராளமாகச் சேர்ந்து போகும், மூச்சுவிட இடமும் இருக்கும். பயாலஜி மேஜருக்குப் பட்டியலில் பெரும்பகுதி மேஜருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, அதனால்தான் அது சௌகரியமாகத் தெரிகிறது. இன்ஜினியரிங்கில்தான் இடிக்கும். மேஜருக்கான பாடங்களே அட்டவணையை நிரப்பிவிடும், ஆர்கானிக்கும் பயாலஜியும் அதற்கு வெளியே வரிசையில் நிற்கும்.

மேஜரைவிட இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது, கெமிஸ்ட்ரி சங்கிலி. ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டரும் முடிக்காமல் ஆர்கானிக்கில் உட்கார விடமாட்டார்கள். ஆர்கானிக் முடிக்காமல் பயோகெமிஸ்ட்ரி கிடையாது. பயோகெமிஸ்ட்ரி படிக்காமல் எம்கேட் எழுதுவது கையைக் கட்டிக்கொண்டு நீந்துகிற மாதிரி. ஆக, முதல் வருடம் இலையுதிர் பருவத்தில் ஜெனரல் கெமிஸ்ட்ரி தொடங்கினால், இரண்டாம் வருடம் முழுக்க ஆர்கானிக், மூன்றாம் வருடம் முதல் பாதியில் பயோகெமிஸ்ட்ரி, அந்த வசந்த காலத்தில் எம்கேட், மே கடைசி ஜூன் வாக்கில் விண்ணப்பம், நான்காம் வருடம் முழுக்க இன்டர்வியூ என்று போகும். இடைவெளியே இல்லாமல் நேராகச் சேர நினைப்பவருக்கான கால அட்டவணை இது. பட்டம் முடித்து ஒன்றிரண்டு வருடம் கழித்துச் சேர்பவர்கள்தான் இப்போது பாதிக்கும் மேல் என்பதால் இந்த அவசரம் எல்லோருக்கும் தேவையில்லை. நேராகப் போக வேண்டும் என்றால் மட்டும், மேஜர் எதுவாக இருந்தாலும் முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரி இருக்க வேண்டும். "முதல் வருஷம் என்ன பிடிக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று விட்டால் மேஜர் விஷயத்தில் ஒன்றும் கெட்டுவிடாது, கெமிஸ்ட்ரியில் ஒரு வருடம் போய்விடும்.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மருத்துவப் பள்ளிகள் பல, ஃபீஸ் கட்டுகிற யாரையும் சேர்த்துக்கொண்டன. ஹைஸ்கூல் முடித்தாரா என்றுகூடக் கேட்காத இடங்கள் இருந்தன. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893ல் திறந்தபோது இளநிலைப் பட்டமும் அறிவியல் பாடங்களும் இருந்தால்தான் இடம் என்று வைத்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் மேரி கேரட் என்ற பெண்மணி இருந்தார். பள்ளி திறப்பதற்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி அவருடையது. பெண்களையும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும், சேர்க்கைத் தகுதி உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் கொடுத்தார். பிறகு 1910ல் கார்னகி அறக்கட்டளைக்காக ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து எழுதிய அறிக்கை வந்தது. ஹாப்கின்ஸை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அவர் வெளுத்து வாங்கினார். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் அடிப்படை இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது அதன் பிறகுதான் நாடு முழுக்க வேரூன்றியது. பல மோசமான பள்ளிகள் மூடப்பட்டன. கறுப்பின மாணவர்களுக்கு இருந்த ஏழு பள்ளிகளில் ஹோவர்டும் மெஹாரியும் தவிர ஐந்தும் காலப்போக்கில் மூடப்பட்டதும் அதே அலையில்தான், அந்த இழப்பை இன்றுவரை அமெரிக்க மருத்துவம் ஈடுகட்டவில்லை. நமக்கு இங்கே வேண்டியது ஒன்று: அன்று கட்டாயமானது சில அறிவியல் வகுப்புகள். பயாலஜி மேஜர் எடுத்தாக வேண்டும் என்று ஒரு விதி அன்றும் பிறக்கவில்லை, பின்னரும் வரவில்லை. வகுப்புகள் பயாலஜித் துறையில் இருந்ததால் பிள்ளைகளும் அந்தத் துறைக்கே போனார்கள், அதுவே வழக்கமாகிப் போனது.

புள்ளிவிவரத்துக்கு வருவோம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி ஒவ்வொரு வருடமும் விண்ணப்பித்தவர்களையும் சேர்ந்தவர்களையும் மேஜர் வாரியாகப் பிரித்து வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2023-24 கல்வியாண்டில் எம்டி படிப்புக்கு ஏறத்தாழ 52,500 பேர் விண்ணப்பித்து 23,000 பேர் சேர்ந்தார்கள், அதாவது நூற்றுக்கு 43, 44 பேர். சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ, அதாவது 4க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி, 3.77; எம்கேட் 511க்கும் 512க்கும் நடுவில். விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் மேல் உயிரியல் சார்ந்த மேஜர்கள். அவர்களின் சேர்க்கை விகிதம் மொத்த சராசரியை ஒட்டியே இருக்கிறது. இலக்கியம், வரலாறு, தத்துவம் எடுத்தவர்கள் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு, ஆனால் அவர்களில் ஏறத்தாழ இரண்டுக்கு ஒருவர் சேர்ந்துவிடுகிறார். நர்சிங், ஹெல்த் சயின்ஸ் போன்ற மருத்துவம் சார்ந்த தொழிற்படிப்பு மேஜர்களின் விகிதம் சராசரிக்கும் கீழே கிடக்கிறது.

இதைப் பார்த்தவுடன் "அப்போ தத்துவம் எடுத்தா சீட் ஈசியா?" என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். தத்துவ மேஜரில் இருந்துகொண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் எடுக்கத் துணிகிற பிள்ளை ஏற்கெனவே வடிகட்டப்பட்ட பிள்ளை. எழுத்திலும் வாசிப்பிலும் கெட்டி, அறிவியலிலும் பயமில்லை, எதற்காக மருத்துவம் என்ற கேள்வியைக் கொஞ்சமாவது யோசித்துவிட்டு வந்தவர். பயாலஜி பக்கம், ஹைஸ்கூலில் நல்ல மார்க் வாங்கிய, வேறு எதையும் யோசித்துப் பார்க்காத, அம்மா அப்பா சொன்னதால் சேர்ந்த பெருங்கூட்டமும் சேர்ந்தே விண்ணப்பிக்கிறது. விகித வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த வித்தியாசம்தான் என்பது என் கணிப்பு. அந்தப் புள்ளிவிவரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நான் நினைப்பது இவ்வளவே: பயாலஜி எடுக்காததால் ஒரு பிள்ளைக்கும் கதவு மூடவில்லை, எடுத்ததால் ஒரு பிள்ளைக்கும் கதவு கூடுதலாகத் திறக்கவில்லை.

கதவைத் திறப்பதிலும் மூடுவதிலும் பெரிய கை ஜிபிஏவுக்கு. அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது மேஜர் தேர்வோடு நேரடியாகப் பிணைந்திருப்பதால் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலான எம்டி கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம்தான். அதில் மாணவர் தன் டிரான்ஸ்கிரிப்டை (கல்லூரி மதிப்பெண் பட்டியல்) பக்கத்தில் வைத்துக்கொண்டு, எடுத்த ஒவ்வொரு வகுப்பையும் வரிவரியாக உள்ளிட வேண்டும்: வகுப்பின் பெயர், கிரெடிட், கிரேடு, எந்த வகை. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதம் நான்கும் சேர்ந்து ஒரு ஜிபிஏ, இதைத்தான் சயின்ஸ் ஜிபிஏ என்பார்கள், மற்றவை தனி, எல்லாம் சேர்த்து மொத்த ஜிபிஏ ஒன்று. நியூரோசயின்ஸ் பயாலஜிக் கணக்கில் போகும், புள்ளியியல் கணிதக் கணக்கில் போகும். சைக்காலஜி அறிவியல் கணக்கில் வராது. நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் தலையைக் கொடுக்கும் இன்ஜினியரிங் வகுப்புகளும் வராது. தெர்மோடைனமிக்ஸ் எடுத்து உயிரைக் கொடுத்துப் படித்து பி வாங்கினால், அது மொத்த ஜிபிஏவை இறக்குமே தவிர சயின்ஸ் ஜிபிஏவுக்கு ஒன்றும் செய்யாது. ஒரு கணக்கு: 120 கிரெடிட்டில் 45 இன்ஜினியரிங் வகுப்புகள், அவற்றில் சராசரி 3.0; மீதி 75ல் 3.8. மொத்தம் 3.5. சேர்ந்தவர்களின் சராசரி 3.77 என்று மேலே பார்த்தோம். "இன்ஜினியரிங் கஷ்டமான படிப்பு, அவங்க புரிஞ்சுப்பாங்க" என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும் இடத்தில் முதல் வடிகட்டல் எண்களை வைத்துத்தான் நடக்கும், புரிந்துகொள்ளும் மனிதர் அந்த விண்ணப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆம்காஸில் ஏ மைனஸ் 3.7, பி ப்ளஸ் 3.3. ஒரு வகுப்பில் சி வாங்கி, திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் பழைய சி அழியாது. இரண்டும் கணக்கில் ஏறும், சராசரி 3.0 ஆகத்தான் நிற்கும். கல்லூரி தன் டிரான்ஸ்கிரிப்டில் மாற்றிக்காட்டினாலும் ஆம்காஸ் ஒத்துக்கொள்ளாது. அதனால் முதல் செமஸ்டரிலேயே கெமிஸ்ட்ரி, பயாலஜி, கால்குலஸ் மூன்றையும் ஒன்றாகப் போட்டுத் தள்ளுவது துணிச்சலாகத் தெரியலாம், எனக்கு அது பிள்ளைக்குச் செய்யும் கெடுதலாகவே படுகிறது. ஏபி, அதாவது ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு, அதற்குக் கிடைக்கும் கிரெடிட் விஷயமும் அப்படித்தான். ஹைஸ்கூலில் ஏபி கெமிஸ்ட்ரி எழுதி 5 வாங்கிய பிள்ளைக்குக் கல்லூரி அந்த வகுப்பைத் தள்ளுபடி செய்துவிடும், ஆனால் மருத்துவக் கல்லூரிகளில் பல அதை அப்படியே ஏற்பதில்லை, அதற்குப் பதில் அதே துறையில் மேல்நிலை வகுப்பு ஒன்றை எடுக்கச் சொல்லும். விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகள் என்ன சொல்கின்றன என்று பார்க்காமல் ஏபியை நம்பித் தாவ வேண்டாம்.

இப்போது மேஜர்கள். பயாலஜியை நான் குறைத்துப் பேசவில்லை. செல், மரபணு, பரிணாமம் இவற்றில் உண்மையாகவே ஆசை இருக்கிற பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பட்டியலும் மேஜரும் ஒன்றன் மேல் ஒன்று வருவதால் நேரம் மிஞ்சும், அந்த நேரத்தில் ஆராய்ச்சி லேபில் சேரலாம், மருத்துவமனையில் தொண்டு செய்யலாம், ஒரு டாக்டரோடு நிழலாக நின்று பார்க்கலாம். குறை என்னவென்றால் கூட்டம். பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதல் வருட பயாலஜி வகுப்பில் முந்நூறு நானூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதில் பாதிக்கு ஒரே கனவு. இரண்டு அறிவியல் பேராசிரியர்கள், ஒரு அறிவியல் சாராத பேராசிரியர் என்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கும் மருத்துவக் கல்லூரிகள் நிறைய. நானூறு பேர் வகுப்பில் பிள்ளையின் பெயரே தெரியாத பேராசிரியர் எழுதும் கடிதத்தில் "இவர் ஏ வாங்கினார்" என்பதைத் தாண்டி என்ன இருக்கும்? சின்னத் துறையில், பதினைந்து பேர் செமினாரில் இரண்டு மூன்று செமஸ்டர் பக்கத்தில் இருந்து பார்த்த பேராசிரியர் எழுதும் கடிதத்தின் கனமே வேறு. மேஜர் தேர்வில் நம் ஆட்கள் யோசிக்கவே யோசிக்காத பயன் இது.

நர்சிங் மேஜர் எடுத்து, பிறகு மருத்துவத்துக்குத் தாவலாம் என்ற யோசனையை நான் தடுப்பேன். நர்சாக விரும்புபவருக்கு அது அருமையான படிப்பு. ஆனால் அதில் வரும் கெமிஸ்ட்ரி பல இடங்களில் சுருக்கமான வேறு வகுப்பு, மருத்துவக் கல்லூரிப் பட்டியலுக்குச் செல்லாது. திரும்பவும் முழுத் தொடரையும் எடுக்க வேண்டும், கிளினிக்கல் ஷிஃப்டுகளுக்கு நடுவே. பப்ளிக் ஹெல்த், நியூரோசயின்ஸ், சைக்காலஜி மூன்றும் இப்போது பிள்ளைகள் விரும்பிப் போகும் மேஜர்கள், எம்கேட்டுக்கும் உதவும், தாராளமாக எடுக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடினம், முடியாததில்லை. பட்டியலில் கணிதம் தவிர எதுவும் அதோடு சேராது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். இன்ஜினியரிங் படித்து டாக்டரானவர்களும் உண்டு. விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன் ஸ்டான்ஃபோர்டில் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டுத்தான் கார்னெலில் எம்டி வாங்கினார். இன்ஜினியரிங் மேல் பிள்ளைக்கே தணியாத ஆசை இருந்தால் போகட்டும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று நாம் தள்ளிவிட்டால் அந்த 3.5 கணக்கு காத்துக்கொண்டிருக்கும்.

எம்கேட் பற்றி ஒரு பத்தி. நான்கு பகுதி, 230 கேள்வி, இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம். மதிப்பெண் 472லிருந்து 528 வரை. மூன்று பகுதிகளுக்கு மேலே சொன்ன பட்டியல் வகுப்புகள் போதும். நான்காவது, கார்ஸ் என்கிறார்கள், வாசித்துப் புரிந்து வாதத்தை எடைபோடும் பகுதி: ஒன்பது பத்திகள், 53 கேள்விகள், 90 நிமிடம். ஒரு பத்தி கட்டடக்கலை வரலாற்றைப் பற்றி இருக்கும், அடுத்தது அறவியல் பற்றி, அதற்கடுத்தது பொருளாதாரம். அறிவியல் பாட அறிவு எதுவும் தேவைப்படாது. பத்தியை எழுதியவர் எதை ஒத்துக்கொள்வார், எதை மறுப்பார், இந்தப் புதுத் தகவல் வந்தால் அவர் வாதம் பலப்படுமா, ஆட்டம் காணுமா என்று கேட்பார்கள், பத்துப் பத்து நிமிடத்தில். இதற்கு மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. மூன்று வருடமாகப் பாடப்புத்தகமும் ஃப்ளாஷ் கார்டும் மட்டுமே பார்த்த பிள்ளைகள், மற்ற மூன்றிலும் அள்ளிவிட்டு இதில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. மேஜரே மாற்ற வேண்டாம், செமஸ்டருக்கு ஒரு வகுப்பாவது நீளமாக வாசித்து, எழுதி, வாதாடுகிற வகுப்பாக இருந்தால் இந்தப் பகுதிக்கு அதுதான் உண்மையான தயாரிப்பு.

"அறிவியலே இல்லாமல் வந்தவன் மெடிக்கல் காலேஜில் தாக்குப்பிடிப்பானா" என்ற கேள்விக்கு நியூயார்க்கில் ஒரு பரிசோதனையே நடந்தது. மவுன்ட் சைனாய் மருத்துவப் பள்ளி 1987ல், ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் மாணவர்களை இளநிலைப் பட்டத்தின் இரண்டாம் வருடத்திலேயே தேர்ந்தெடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. எம்கேட் வேண்டாம், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வேண்டாம், பிசிக்ஸ் வேண்டாம். பல வருடம் கழித்து, 2010ல் அந்தப் பள்ளியே வெளியிட்ட ஆய்வில், இப்படி வந்தவர்கள் மற்ற மாணவர்களுக்குச் சமமாகவே செய்திருந்தார்கள்; முதல் உரிமத் தேர்வில் சராசரி கொஞ்சம் குறைவு, நோயாளிகளோடு பழகும் வருடங்களில் குறை ஒன்றும் இல்லை. பிறகு அந்தத் திட்டத்தை எல்லா மேஜருக்கும் விரித்தார்கள். தனி மனிதர் என்று பார்த்தால் ஹரோல்ட் வார்மஸ் எனக்கு உடனே நினைவுக்கு வருவார். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம், ஹார்வர்டில் அதிலேயே எம்ஏ, அதற்குப் பிறகு கொலம்பியாவில் மருத்துவம். புற்றுநோய் மரபணு ஆராய்ச்சிக்காக 1989ல் நோபல் பரிசு, பிறகு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கே இயக்குநர்.

நான் மேஜர் தேர்வில் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது வேறொன்று, அதைச் சொல்வதில் நம் வீடுகளில் தயக்கம் அதிகம். முதல் வருடம் ப்ரீ-மெட் என்று சொல்லிக்கொண்டு நுழைபவர்களில் பலர் விண்ணப்பிக்கும் கட்டம் வரையே வருவதில்லை. விண்ணப்பித்தவர்களிலும் அந்த வருடம் பாதிக்கு மேல் சேரவில்லை என்பதை மேலே பார்த்தோம். அப்படியானால், மருத்துவம் கிடைக்காமல் போனாலும், அல்லது இருபது வயதில் பிள்ளைக்கே அது வேண்டாம் என்று தோன்றினாலும், கையில் இருக்கும் பட்டம் அதற்குப் பிடித்த, அது நன்றாகச் செய்கிற ஏதோ ஒன்றில் இருக்க வேண்டாமா? விருப்பமே இல்லாத பயாலஜி, 3.2 ஜிபிஏ, அடுத்து என்ன என்று தெரியாத 22 வயது. இந்த நிலையில் நிற்கும் பிள்ளைகள் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி வட்டத்திலேயே இருக்கிறார்கள், பார்க்க மனசு கேட்கவில்லை. அவர்களில் யாரும் மக்கு இல்லை. பிடித்ததைப் படிக்கும் பிள்ளைக்கு மார்க்கும் தானாக ஏறும், அந்த மார்க்தான் மருத்துவத்துக்கும் வேண்டியிருக்கிறது.

விசா குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை, ஏனென்றால் பொதுவான அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. அப்பாவோ அம்மாவோ எச்-1பி வேலை விசாவில் கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் வீட்டில், எச்-4 என்ற குடும்ப விசாவில் வளர்ந்த பிள்ளைக்கு 21 வயதானால் அந்த அந்தஸ்து போய்விடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். மாநில மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுப்பதில்லை. எடுக்கும் தனியார் கல்லூரிகளிலும் இடம் சொற்பம், கூட்டாட்சிக் கல்விக் கடன் கிடையாது, ஃபீஸை முன்கூட்டியே வங்கியில் கட்டிக் காட்டச் சொல்லும் இடங்களும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு மேஜரில் நான் சொன்ன சுதந்திரம் சற்றுக் குறைகிறது. பட்டம் முடித்து எஃப்-1ல் வேலை பார்க்க எந்த மேஜருக்கும் 12 மாதம் உண்டு, ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள மேஜருக்கு மேற்கொண்டு 24 மாதம். கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கவோ, ஆராய்ச்சி லேபில் வேலை செய்துகொண்டே விண்ணப்பிக்கவோ அந்த மூன்று வருடம் பெரிய ஆசுவாசம். வரலாறு எடுத்தால் ஒரு வருடத்தோடு முடிந்தது. இந்த நிலையில் இருக்கும் வீட்டில் பயாலஜி, புள்ளியியல், நியூரோசயின்ஸ் மாதிரி ஸ்டெம் பட்டியல் மேஜர் எடுத்து, பிடித்த இன்னொன்றை மைனராக (துணைப் பாடமாக) வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஹைஸ்கூலிலிருந்தே நேரே எட்டு வருட இடம் தரும் பிஎஸ்-எம்டி திட்டங்கள் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பிரவுன் பல்கலைக்கழகத்தின் திட்டம் அதில் பெயர் பெற்றது, அங்கே எந்த மேஜரும் எடுக்கலாம் என்பதோடு அப்படிச் செய்யவே ஊக்குவிக்கிறார்கள். இடங்கள் விரல்விட்டு எண்ணும்படிதான், 17 வயதில் பிள்ளைக்கே நிச்சயமாகத் தெரிந்திருந்தால் முயலலாம், அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கமும் வழி இருக்கிறது: இசையோ இலக்கியமோ முடித்துவிட்டு 24 வயதில் மருத்துவம் வேண்டும் என்று தோன்றினால், அறிவியல் வகுப்புகளை மட்டும் ஓரிரு வருடத்தில் முடிக்கும் போஸ்ட்-பேக் படிப்புகள் பிரின் மார், கவுச்சர் போன்ற கல்லூரிகளில் இருக்கின்றன. செலவு அதிகம். செலவு என்றதும் ஒன்று: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்குக் கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. மருத்துவக் கல்லூரிச் செலவு பல இடங்களில் அதைத் தாண்டும். இளநிலைப் பட்டத்துக்கே கடனில் மூழ்க வேண்டாம் என்பதற்கு இது புதிய காரணம். பெயர் பெற்ற தனியார் கல்லூரியில் பிடிக்காத மேஜரைவிட, உதவித்தொகையோடு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிடித்த மேஜர் மேல்.

மேஜரை அறிவிக்கப் பல கல்லூரிகளில் இரண்டாம் வருடக் கடைசிவரை நேரம் இருக்கிறது, அதற்குள் ஜெனரல் கெமிஸ்ட்ரியும் ஆர்கானிக்கும் எப்படிப் போயின என்றும் தெரிந்துவிடும். ஹைஸ்கூல் பிள்ளையோடு கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் அங்கே உள்ள ப்ரீ-ஹெல்த் அட்வைசரிடம் சிலவற்றைக் கேட்டுவிட்டு வாருங்கள். "எங்க மாணவர்கள்ல 85 சதவீதம் பேர் மெடிக்கல் காலேஜ் போறாங்க" என்று சொன்னால், எத்தனை பேரில் என்று கேளுங்கள். சில கல்லூரிகள் கமிட்டிக் கடிதம் என்று கல்லூரி சார்பாக ஒரே கடிதம் தரும், குறிப்பிட்ட ஜிபிஏவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதை மறுத்துவிடும். அவர்கள் விண்ணப்பிக்காமலே நின்றுவிடுவார்கள், சதவீதம் அழகாக இருக்கும். கமிட்டிக் கடிதம் யாருக்கு மறுக்கப்படும், முதல் வருட கெமிஸ்ட்ரி வகுப்பில் எத்தனை பேர், அந்த வகுப்பில் நடுத்தர மாணவர் எந்த கிரேடு வாங்குகிறார், பயாலஜி அல்லாத மேஜர்களிலிருந்து போன வருடம் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், பட்டம் முடித்து இரண்டு வருடம் கழித்து விண்ணப்பிப்பவருக்கும் கடிதம் தருவார்களா. இவற்றைப் பிள்ளையே கேட்கட்டும், நாம் பக்கத்தில் நின்றால் போதும்.